பி, எல், எம் மூன்றும் வரும் சொற்களை எப்படித் தேடுவது?

கேள்வி: சோமனூரில் தறிக்குடோன் வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் வாரந்தோறும் மூன்று ஆங்கில எழுத்துகளைக் கொடுத்து, அவை மூன்றும் இடம்பெறும் சொற்களை எழுதிவரச் சொல்கிறார்கள். சென்ற வாரம் பி (பென் என்பதில் வரும் பி), எல், எம் வந்தன. இணையத்தில் ஒரு தளம் சொல்லே இல்லை என்றது. இன்னொன்று பக்கம் பக்கமாகக் கொட்டியது. அவளாக யோசித்து எழுதிய ‘பவர்லூம்’ என்பதை ஆசிரியை அடித்துவிட்டார். தளத்தை நம்பாமல் அவளாகவே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: இரண்டு தளங்களும் தவறு செய்யவில்லை, அவற்றிடம் கேட்கப்பட்டவைதாம் வெவ்வேறு கேள்விகள். கொடுத்த எழுத்துகளை மட்டுமே கொண்டு சொல் அமைப்பது ஒரு வகை. ஸ்கிராபிள் ஆட்டத்தில் கையிலுள்ள ஏழு கட்டைகளை வைத்துச் செய்வது பெரும்பாலும் இதுதான். பி, எல், எம் மூன்றில் உயிரெழுத்தே இல்லாததால் இவ்வகையில் ஒரு சொல்லும் தேறாது. எழுத்துகள் கொடுத்த வரிசையிலேயே ஒட்டி வரவேண்டும் என்பது இன்னொரு வகை. எந்த இடத்தில், எந்த வரிசையில் வந்தாலும் சரி, நடுவில் வேறு எழுத்துகள் எத்தனை புகுந்தாலும் சரி என்பது மூன்றாவது வகை. உங்கள் மகளுக்குத் தரப்படுவது இதுவே. தளத்தில் ‘அன்ஸ்கிராம்பிள்’ என்ற பெட்டியில் எழுத்துகளை இட்டால் முதல் வகைக்கான விடையும், ‘கன்டெய்ன்ஸ்’ என்ற பெட்டியில் இட்டால், தளத்தைப் பொறுத்து, இரண்டாவது அல்லது மூன்றாவது வகைக்கான விடையும் கிடைக்கும்.

இனி கையால் தேடும் முறைக்கு வருவோம். மனத்தில் தோன்றும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் மூன்றும் இருக்கின்றனவா என்று சோதித்துக்கொண்டிருந்தால் பத்துச் சொற்களுக்குள் களைப்பு வந்துவிடும். அதற்கு மாறாக, மூன்று எழுத்துகளை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம் என்பதால், நோட்டில் ஆறு வரிசைகளையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் இடைவெளிகளிலும் உயிரெழுத்துகளைப் புகுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பி–எல்–எம் வரிசையில் பிளம், பிளம்பர், பிராப்ளம், டிப்ளமா, பில்கிரிம் கிடைக்கும். எல்–எம்–பி வரிசையில் லேம்ப், லிம்ப், கிளாம்ப், கிளிம்ப்ஸ். எம்–எல்–பி வரிசையில் மல்டிபிள், மல்டிப்ளை. பி–எம்–எல் வரிசையில் ஆப்டிமல், பிரைமல். எல்–பி–எம் வரிசை வறண்டது போலத் தோன்றும். ஆனால் டெவலப்மென்ட் அங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றிலும் வளமானது எம்–பி–எல்: சிம்பிள், டெம்பிள், எக்ஸாம்பிள், கம்ப்ளீட், கம்ப்ளைன்ட், எம்ப்ளாய், கூடவே திருப்பூர்க்காரர்கள் காலை முதல் இரவு வரை உச்சரிக்கும் சாம்பிள். ஆங்கிலத்தில் இம்மூன்று மெய்களும் இந்த வரிசையில் ஒட்டி நிற்பது மிக இயல்பு என்பதால், நேரம் குறைவாக இருந்தால் இந்த வரிசையிலேயே தொடங்கலாம்.

சொல்லை நீட்ட வேண்டுமானால் ஒட்டுகளைக் கவனிக்கவேண்டும். ‘மென்ட்’ என்ற பின்னொட்டு எம் எழுத்தைத் தானே கொண்டுவந்துவிடுவதால் மற்ற இரண்டை மட்டும் தேடினால் போதும்: ரீபிளேஸ்மென்ட், பிளேஸ்மென்ட், டிப்ளாய்மென்ட். ‘லி’ என்று முடியும் வினையடைகள் எல் எழுத்தைத் தரும், பிராம்ப்ட்லி அப்படிப்பட்டது. ‘இம்’ என்ற முன்னொட்டு பெரும்பாலும் பி எழுத்தின் முன்னால்தான் வரும் என்பதால் அங்கே ஒரே வீச்சில் இரண்டு எழுத்துகள் கிடைக்கின்றன: இம்பாசிபிள், இம்பொலைட்.

நம் பிள்ளைகள் இடறும் இடம் ஒன்று உண்டு. தமிழில் எழுதியபடியே வாசித்துப் பழகியவர்கள் ஆங்கிலச் சொல்லையும் காதால்தான் தேடுவார்கள். உள்ளங்கையையும் பனைமரத்தையும் குறிக்கும் ‘பாம்’ என்ற சொல்லில் எல் இருக்கிறது, ஆனால் ஒலிப்பதில்லை. பைபிளின் சங்கீதத்தைக் குறிக்கும் ‘சாம்’ என்ற சொல்லிலோ முதலெழுத்தான பி, இடையிலுள்ள எல் இரண்டுமே ஒலிப்பதில்லை. ஆகவே காதில் விழுவதை விட்டுவிட்டு, எழுத்துக் கூட்டித்தான் சரிபார்க்கவேண்டும்.

பவர்லூம் விஷயத்தில் நான் உங்கள் மகளின் பக்கம் பாதியும் ஆசிரியையின் பக்கம் பாதியும் நிற்கிறேன். இந்திய அரசு ஆவணங்களிலும் நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளிலும் அது ஒரே சொல்லாகவே எழுதப்படுகிறது. ஆனால் பொதுவான ஆங்கில அகராதிகள் அதை இரண்டு சொற்களாகப் பிரித்துத் தருகின்றன. இந்தப் பயிற்சிக்கு எந்த அகராதி அளவுகோல் என்பதைப் பள்ளி முன்கூட்டியே சொல்லியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எழுத்துகள் நான்கானால் வரிசைகள் 24 ஆகவும், ஐந்தானால் 120 ஆகவும் பெருகிவிடும். அப்போது மெய்யெழுத்துகளை மட்டும் வரிசைப்படுத்தி, கொடுக்கப்பட்ட உயிரெழுத்தைக் கடைசியில் வடிகட்டப் பயன்படுத்துவதே உத்தமம். பி, எல், எம்முடன் ஏ எழுத்தும் கேட்கப்பட்டால், மேலே உள்ளவற்றில் சிம்பிளும் டெம்பிளும் விழுந்துவிடும். சாம்பிள், லேம்ப், டிப்ளமா, ஆப்டிமல் நிற்கும். கியூ, எக்ஸ், இசட் போன்ற அரிய எழுத்து ஒன்று இருந்தால் அதிலிருந்தே தொடங்கவேண்டும், ஏனெனில் தேடவேண்டிய பரப்பு அங்கேயே சுருங்கிவிடுகிறது.

அவள் எழுதியதைச் சரிபார்க்க உங்களுக்குக் கணினி வழி வேண்டுமானால், ‘எனேபிள்’ என்ற இலவசச் சொற்பட்டியலைப் பதிவிறக்கி எக்செலில் திறந்துகொள்ளுங்கள். வரிக்கு ஒன்றாக 1,70,000-க்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன. ஃபில்டரில் ‘கன்டெய்ன்ஸ்’ என்பதைத் தேர்ந்து முதலில் பி எழுத்தை இடுங்கள். மிஞ்சிய வரிகளை வேறொரு தாளுக்கு நகலெடுத்து அதில் எல் எழுத்துக்கும், பின்னர் அதேபோல் எம் எழுத்துக்கும் வடிகட்டினால், மூன்றும் உள்ள சொற்கள் மட்டும் நிற்கும். ஒரே எழுத்து இருமுறை வரவேண்டும் என்று கேட்டிருந்தால், அந்த எழுத்தை நட்சத்திரக் குறி நடுவில் வருமாறு இருமுறை தட்டவேண்டும்.