உருது துப்பறியும் எழுத்தாளர் இப்னே சஃபி யார்?

இப்னே சஃபி என்பது, 1928 ஜூலை 26 அன்று அலகாபாத் மாவட்டத்தின் நாரா என்ற ஊரில் பிறந்த அஸ்ரார் அகமதின் புனைபெயர். 1952 மார்ச்சில் அலகாபாத்தில் ‘ஜாசூசி துனியா’ நாவல் வரிசையைத் தொடங்கிய அவர், அதே ஆண்டு கராச்சிக்குக் குடிபெயர்ந்த பின்னும், எல்லையின் இருபுறத்து வாசகர்களுக்காகவும் இடைவிடாது எழுதினார்.

1955இல் அறிமுகமான இம்ரானே அவருடைய தலைசிறந்த படைப்பு என்பது என் கருத்து. பார்வைக்கு அசட்டுக் கோமாளியான இம்ரான், தன்னுடன் பணிபுரியும் பெரும்பாலோருக்கும் தெரியாமல், ‘எக்ஸ்-டூ’ என்ற மறைபெயரில் உளவுத்துறையையே நடத்துபவன். அந்த இரட்டை முகம்தான் கதைகளுக்கு நகைச்சுவையையும் மர்மத்தையும் சேர்த்தே தருகிறது.

1960 முதல் 1963 வரை மனச்சிதைவு நோய் அவருடைய எழுத்தை முடக்கியது. மீண்டு வந்து எழுதிய ‘டேட் மத்வாலே’ நாவலை இந்தியாவில் லால் பகதூர் சாஸ்திரி வெளியிட்டார். ஏறத்தாழ 245 நாவல்கள் எழுதிய அவர், 1980இல் தம் பிறந்தநாளன்றே கராச்சியில் காலமானார்.