வீட்டில் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பழக்குவது எப்படி?

கொழும்பில் வாழும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் பிள்ளைகளுக்கு நேர்மையை எப்படிப் பழக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றோரிடமிருந்தே தொடங்குங்கள். கதவைத் தட்டியவரிடம் "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லு மகன்" என்று நாம் அனுப்பும் அந்த ஒரு நொடியில் ஞாயிறு மறைக்கல்வி முழுவதும் கரைந்துபோகிறது. மத்தேயு 5:34-37 இல் இயேசு சத்தியம் செய்யவே வேண்டாம் என்கிறார்; ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை.

அடுத்தது ஈடுசெய்தல். இதைத்தான் பல வீடுகள் விட்டுவிடுகின்றன. லூக்கா 19 இல் வரி தண்டிய சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்கிறார். வெறும் வருத்தம் அவருக்குப் போதவில்லை. வெள்ளவத்தைக் கடையொன்றில் மிச்சக்காசு 100 ரூபாய் கூடுதலாக வந்ததை என் மகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தாள். மழையிலேயே இருவரும் திரும்பி நடந்தோம். கடைக்கார அண்ணாவிடம் அவளே நீட்டினாள். நான் வாய் திறக்கவில்லை.

உண்மையை ஒப்புக்கொண்ட பிள்ளையை அடிக்காதீர்கள். அடுத்த முறை அது மறைக்கத்தான் பழகும். உடைத்ததற்குப் பொறுப்பேற்கச் செய்யுங்கள், சொன்னதற்கு நன்றியும் சொல்லுங்கள். இரவுக் குடும்பச் செபத்தில் அன்றைய உங்கள் தவறை முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள். எனக்கு அது இன்றும் கடினமாகவே இருக்கிறது.