டு கில் எ மாக்கிங்பேர்ட் நாவல்ல உண்மையான தைரியசாலி அட்டிகஸ் தானா? பசங்களுக்குப் படிக்கக் குடுக்கலாமா?

அட்டிகஸ் நல்ல மனுஷன், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா அந்த புக்லயே பெரிய தைரியசாலி யாருன்னு கேட்டீங்கன்னா என் ஓட்டு டாம் ராபின்சனுக்குத் தான். மும்பை லோக்கல் ட்ரெயின்ல செம்பூர்ல ஏறி சிஎஸ்டி போறதுக்குள்ள போன்ல டைப் பண்றது, அங்கங்க எழுத்து மாறியிருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க.

படிக்காதவங்களுக்காக சுருக்கமா கதை. ஹார்ப்பர் லீ எழுதி 1960ல வந்த நாவல், அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு வாங்கிடுச்சு. 1930கள்ல அலபாமா மாகாணத்துல மேகோம்ப்னு ஒரு கற்பனை ஊர், ஸ்கவுட்னு ஒரு சின்னப் பொண்ணு, அவ அண்ணன் ஜெம், அப்பா அட்டிகஸ் ஃபின்ச் வக்கீல். டாம் ராபின்சன்ங்கிற கறுப்பினத்துக்காரர் மயெல்லா யூவெல்ங்கிற வெள்ளைக்காரப் பொண்ணைக் கெடுத்துட்டார்னு கேஸ், நிரூபணம் ஆனா உயிர் போயிடும். இந்தக் கேஸை அட்டிகஸ் தேடிப் போகல, ஜட்ஜ் டெய்லர் அவர் தலையில கட்டினது. சும்மா ஒப்புக்கு ஆஜராகிட்டுப் போயிருந்தா ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க, நிஜமாவே வாதாடினார் பாருங்க, அங்க தான் ஊருக்குக் கடுப்பு.

இப்ப டாமைப் பாருங்க. சின்ன வயசுல பருத்தி மெஷின்ல மாட்டி இடது கை சூம்பிப் போனவர். மயெல்லா மூஞ்சில அடி எல்லாம் வலது பக்கம், அதாவது அடிச்சவன் இடது கைப் பழக்கம் உள்ளவனா இருக்கணும், அவ அப்பன் பாப் யூவெல் இடது கையால தான் கையெழுத்துப் போடறான். கோர்ட்ல உக்காந்திருக்கிற அத்தனை பேருக்கும் உண்மை அங்கயே புரிஞ்சு போச்சு. அப்புறமும் டாம் கூண்டுல ஏறி வாயைத் திறந்து சொல்லணும்ல, என்ன நடந்துச்சுன்னு. நடந்தது என்ன, அந்தப் பொண்ணு தான் இவரைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்துச்சு. அந்த ஊர்ல, அந்த வருஷத்துல, முழுக்க வெள்ளைக்கார ஆம்பளைங்களா உக்காந்திருக்கிற ஜூரி முன்னாடி ஒரு கறுப்பினத்து ஆள் இதைச் சொல்றது தற்கொலைக்குச் சமம், அது அவருக்கும் தெரியும். சொல்றார். ஆனா எவ்ளோ ஜாக்கிரதையா சொல்றார் பாருங்க, அவ பொய் சொல்றாளான்னு கேட்டா, பொய்னு நான் சொல்லல, அவங்க மனசுல தப்பா நினைச்சுட்டு இருக்காங்கங்கிறார். ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைப் பொய்க்காரின்னு சொல்லக்கூடக் கூடாதுங்கிற கட்டுப்பாட்டுக்குள்ள நின்னுகிட்டே முழு உண்மையையும் சொல்லி முடிக்கிறார்.

எதிர்த்தரப்பு வக்கீல் கில்மர் விடல. காசு வாங்காம எதுக்கு அந்தப் பொண்ணுக்கு விறகு வெட்டினே, வேலை செஞ்சேன்னு குடையறான். பாவமா இருந்துச்சு, அந்த வீட்டுல மத்தவங்களை விட அது தான் கஷ்டப்பட்டு ஏதோ பாக்குதுன்னு தோணுச்சுங்கிறார் டாம். அவ்ளோ தான், ஹால் அப்படியே மாறிப் போகுது. ஒரு கறுப்பினத்து ஆள் வெள்ளைக்காரியைப் பாத்துப் பரிதாபப்படறதா, யாருக்கு யார் பரிதாபப்படறது! கேஸ் அங்க தான் தோத்துச்சுன்னு எனக்குத் தோணும். வாய் தவறி வந்த வார்த்தை தானே, இதுல தைரியம் எங்க இருக்குன்னு ஒருத்தர் கேப்பீங்க. அந்த வரி தவறி வந்ததாவே இருக்கட்டும், அதுக்கு முன்னாடி முத்தத்தைப் பத்தி சொன்னாரே, அது தெரிஞ்சே சொன்னது.

அட்டிகஸுக்கு என்ன ஆச்சு? பாப் யூவெல் மூஞ்சில துப்பினான், ஊர்ல கேவலமா பேசினாங்க, கடைசில பசங்க மேலயே கை வெச்சு ஜெம்முக்குக் கை உடைஞ்சுது. அது பெரிய விலை தான், நான் மறுக்கல. ஜெயில் வாசல்ல நாற்காலி போட்டு, வீட்டுல இருந்து கொண்டு வந்த லைட்டை மாட்டிக்கிட்டு, கும்பல் வரும்னு தெரிஞ்சே பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருந்தாரே அந்த இடம் எத்தனை தடவை படிச்சாலும் ஜிவ்வுனு இருக்கும். ஆனா ஒரு விஷயத்தை எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. கேஸெல்லாம் முடிஞ்சப்புறம் அதே ஊர் ஜனம் அவரை மாநில சட்டசபைக்கு மறுபடி போட்டியே இல்லாம அனுப்புது, ஒரே ஒரு வரில லீ சொல்லிட்டுப் போயிடறாங்க. டாம் ஜெயில்ல இருந்து தப்பி ஓடப் பாத்தப்ப உடம்புல பதினேழு குண்டு.

நிஜ அலபாமால நடந்ததை இதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 1931ல ஸ்காட்ஸ்பரோ கேஸ்னு, ரயில்ல போன ஒன்பது கறுப்பினப் பசங்க மேல இதே மாதிரி பழி. 1933ல அதுல ஒருத்தர் வழக்கை விசாரிச்ச ஜட்ஜ் ஜேம்ஸ் ஹார்ட்டன், ஜூரி குடுத்த தீர்ப்பையே சாட்சியம் பத்தாதுன்னு தள்ளிட்டு மறுவிசாரணைக்கு உத்தரவு போட்டார். அடுத்த வருஷம் எலெக்‌ஷன்ல ஜனங்க அவரைத் தோக்கடிச்சாங்க. அட்டிகஸைப் பத்தி இவ்ளோ பேசறோமே, ஹார்ட்டன் பேரை எத்தனை பேருக்குத் தெரியும் சொல்லுங்க.

பாரபட்சம் பத்திப் பேசறதுக்கு கோர்ட் சீனை விட எனக்குப் பிடிச்சது ரெண்டு சின்ன இடம். ஒண்ணு, மிஸ் கேட்ஸ் டீச்சர் கிளாஸ்ல ஹிட்லர் யூதர்களை எப்படிப் பண்றான் பாருங்க, நம்ம நாட்டுல அப்படி இல்லன்னு பாடம் எடுப்பாங்க, அதே டீச்சர் தீர்ப்பு அன்னிக்கு கோர்ட் வாசப்படில இந்தக் கறுப்பினத்தவங்களுக்குப் பாடம் கத்துக் குடுக்க வேண்டியது தான்னு பேசிட்டுப் போனதை ஸ்கவுட் காதுல வாங்கியிருக்கா, ரெண்டும் எப்படி ஒரே ஆள்னு அவளுக்குக் குழப்பம். இன்னொண்ணு அலெக்சாண்ட்ரா அத்தை வீட்டுல கூட்டற லேடீஸ் கூட்டம். மிஸஸ் மெர்ரிவெதர் ஆப்பிரிக்கால இருக்கிற ம்ரூனா ஜனங்களுக்காகக் கண் கலங்குவாங்க, அப்படியே காபி குடிச்சிகிட்டே தன் வீட்டு வேலைக்காரி தீர்ப்புக்கப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறாள்னு புலம்புவாங்க.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்க அபார்ட்மென்ட் சொசைட்டி ஞாபகம் தான் வரும். மெயின் லிஃப்ட் வீட்டுக்காரங்களுக்கு, வேலைக்கு வர்றவங்க, டெலிவரி பசங்க எல்லாம் பின்பக்க சர்வீஸ் லிஃப்ட்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. மீட்டிங்ல இதுக்கு முதல்ல கை தூக்கினது யாருன்னு நினைக்கிறீங்க, அறுபதுகள் கடைசில இதே பம்பாய்ல நம்மளை மதராஸின்னு துரத்தினாங்க, ஹோட்டல் மேல கல்லு விட்டாங்க, எங்கப்பா ஷட்டரை இறக்கிட்டு உள்ள உக்காந்திருந்தார்னு பொங்கலுக்குப் பொங்கல் கதை சொல்ற நம்ம தமிழ் மாமா ஒருத்தர் தான். "இது சுத்தபத்தம் விஷயம்பா, வேற ஒண்ணும் இல்ல"ன்னார்.

எட்டாவது மாடில குழந்தை பாத்துக்கிற மாவ்ஷி (வேலைக்கு வர்ற அக்காவை இங்க அப்படித் தான் கூப்பிடுவோம்) சொசைட்டி ஆபீஸ் வாசல்ல நின்னு செக்ரட்டரியைக் கேட்டாங்க, குழந்தையைத் தூக்கிட்டு வந்தா எந்த லிஃப்ட், வீட்டுல விட்டுட்டு இறங்கினா எந்த லிஃப்ட்னு. மராத்தில சாதாரணமா தான் கேட்டாங்க, குரல்கூட ஏறல. அவர் ரிஜிஸ்டரைப் புரட்டிட்டே இருந்தார். அந்த மாசக் கடைசிக்குள்ள அவங்களுக்கு ரெண்டு வீட்டு வேலை போச்சு. அதே நோட்டீஸை எதிர்த்து நானும் மீட்டிங்ல பேசினேன், எனக்கு என்ன போச்சு, வாட்ஸப் குரூப்ல ரெண்டு பேர் குட்மார்னிங் அனுப்பறதை நிறுத்தினாங்க, அது லாபம் தான். அதனால தான் சொல்றேன், ஒரே விஷயத்தைச் சொன்னாலும் சொல்ற ஆளைப் பொறுத்து ரேட் மாறுது, அட்டிகஸுக்கு ஒரு ரேட், டாமுக்கு வேற ரேட்.

இடையில நிக்கிறவங்களையும் பாருங்க, லிங்க் டீஸ்னு டாமோட முதலாளி. கோர்ட் நடுவுல எந்திரிச்சு, இவன் என்கிட்ட எட்டு வருஷம் வேலை பாத்தான், ஒரு குறை இல்லன்னு கத்தி ஜட்ஜ்கிட்ட திட்டு வாங்கி வெளிய போவார். அப்புறம் டாம் பொண்டாட்டி ஹெலனுக்கு வேலை குடுத்து, அவளை வழியில மிரட்டின யூவெலை ஜெயில்ல போட்டுடுவேன்னு நேர்ல போய் எச்சரிப்பார். வக்கீல் படிப்பு, பேச்சுத் திறமை எதுவும் வேண்டாம், நம்மளால ஆகக்கூடியது இது தான்னு எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

பசங்களுக்குக் குடுக்கலாமான்னா, பன்னெண்டு பதிமூணு வயசுல தாராளமா குடுங்க. கறுப்பினத்தவங்களைக் கேவலமா சொல்ற வார்த்தை புக் முழுக்க வரும், அது ஏன் வருதுன்னு முன்னாடியே பேசிடுங்க. பத்தொன்பதாவது சாப்டர், டாம் சாட்சி சொல்றது, அதை மட்டும் கூட உக்காந்து படிங்க. 2015ல வந்த கோ செட் எ வாட்ச்மேன்ல அட்டிகஸ் வயசான காலத்துல வெள்ளைக்காரங்க தனியா தான் இருக்கணும்ங்கிற கூட்டத்துல போய் உக்காந்திருப்பார், அதைக் கொஞ்சம் பெரியவங்களானதும் குடுங்க, நல்ல சண்டை வரும் வீட்டுல. 1962ல கிரிகரி பெக் நடிச்சு ஆஸ்கார் வாங்கின படத்தை மட்டும் முதல்ல காட்டிடாதீங்க. படம் அருமை தான், ஆனா அலெக்சாண்ட்ரா அத்தையே அதுல கிடையாது, அந்த லேடீஸ் கூட்டமும் இல்ல, படத்தைப் பாத்துட்டு புக்குக்கு வர்ற பசங்க அட்டிகஸைத் தவிர வேற யாரையும் கண்டுக்க மாட்டாங்க.