விழுங்கியது இறங்கவில்லையா? அகலேசியா அறுவை பற்றிய கடிதங்கள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் அகலேசியா கடிதங்கள்தான். அதாவது உணவுக்குழாயின் அடிக் கதவான தசை வளையம் விழுங்கும்போது திறக்காத, குழாயும் உணவைச் சரியாகத் தள்ளாத நோய். சிலவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: போயம் நல்லதா, லேப்ராஸ்கோப்பி ஹெல்லர் நல்லதா?

இரண்டுமே அந்தத் தசையை வெட்டித் திறக்கும் அறுவைதான்: போயம் வாய்வழி எண்டோஸ்கோப்பால், ஹெல்லர் வயிற்றில் சிறு துளைகள் வழியாக. எந்த டைப் என்று எழுதாமல் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? மூன்றாம் டைப், அதாவது குழாயே இறுகித் துடிக்கிற வகை என்றால் போயம். வாய்வழி போவதால் தசையை வேண்டிய உயரம்வரை வெட்டலாம், வயிற்று வழியாக அவ்வளவு மேலே எட்டாது. மற்ற இரண்டு டைப்புக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், 2 வருடம் கழித்தும் 100-க்கு 80 பேர் நன்றாக விழுங்குகிறார்கள். ஆனால் போயத்துக்குப் பிறகு அமிலம் மேலேறுவது அதிகம். ஹெல்லரில் வெட்டிய இடத்தின் மேல் இரைப்பையை மடித்துப் போர்த்தித் தைப்போம், போயத்தில் அந்த அணை கிடையாது.

கேள்வி: 5 வருடமாக நெஞ்செரிச்சல் மாத்திரை. எண்டோஸ்கோபி நார்மல். இப்போது தண்ணீரும் நிற்கிறது.

இதைப் படித்தாலே எனக்கு எரிகிறது. மானோமெட்ரி, அதாவது உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனை, செய்தார்களா? கடிதத்தில் அந்த வார்த்தையே இல்லை. இறங்காமல் தேங்கிய உணவு குழாயிலேயே புளித்தாலும் எரியும், அதை அமிலம் என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பது இன்னும் நடக்கிறது. திடமும் திரவமும் சேர்ந்தே நிற்கிறது, எதுக்களிப்பது செரிக்காமல் அப்படியே வருகிறது, படுத்தால் இருமல், காலையில் தலையணை ஈரம் என்றால் உடனே சந்தேகப்பட வேண்டாமா? ஆரம்பத்தில் எண்டோஸ்கோபி நார்மலாகவே தெரியலாம். மானோமெட்ரி என்பது மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய், கால் மணி நேரம், சில மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான். இன்னும் மோசம், அதைச் செய்யாமலே எதுக்களிப்புக்கு என்று இரைப்பையைக் குழாயின் அடியில் சுற்றி இறுக்கிக் கட்டி அனுப்பப்பட்டவர்கள். ஏற்கெனவே திறக்காத கதவுக்கு மேலும் ஒரு பூட்டு. அப்படி வந்தவர்களுக்குக் கட்டை அவிழ்த்துவிட்டுத் தசையை வெட்டியிருக்கிறேன், முதல்முறை செய்வதைப் போல இரண்டு மடங்கு பாடு. முதலில் மானோமெட்ரி, அப்புறம் பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே, அதற்குப் பிறகு கத்தியைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 68. மூன்றே மாதத்தில் 10 கிலோ குறைந்துவிட்டார். போயத்துக்குத் தேதி வாங்கலாமா?

வேண்டாம். இந்த வயது, இந்த வேகம் என்றால் இரைப்பை வாயில் புற்றுநோய் அகலேசியா வேஷம் போடலாம். சிடி ஸ்கேன், மறுபடி ஒரு கவனமான எண்டோஸ்கோபி, இந்த வாரமே.

கேள்வி: போடாக்ஸ் ஊசி போதாதா?

ஊசி கதவுத் தசையைத் தளர்த்தும், ஆனால் 6 மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். அறுவை தாங்காத உடம்புக்குச் சரி. இளவயதில் திரும்பத் திரும்பப் போட்டால் தழும்பு ஏறி, பின்னால் வெட்டுவது சிரமம்.

கேள்வி: அறுவைக்குப் பிறகு குழாய் பழையபடி வேலை செய்யுமா?

செய்யாது. கதவு திறக்கும், தள்ளும் சக்தி பெரும்பாலும் திரும்பாது. உட்கார்ந்து சாப்பிடுங்கள், நன்றாக மென்று தண்ணீரோடு விழுங்குங்கள், 3 மணி நேரம் படுக்காதீர்கள்.

கேள்வி: அறுவைக்கு முந்தின இரவு பட்டினி கிடந்தால் போதும்தானே?

போதாது! வயிறு காலியானாலும் குழாயில் பழைய உணவு கிடக்கும், மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. குறைந்தது 2 நாள் திரவம் மட்டும். மானோமெட்ரி ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.