காது கேட்காத பூனையை வெளியே விடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனைக்கு 16 வயது முடிந்துவிட்டது. குட்டியிலிருந்தே மதில் ஏறி, தெருவைச் சுற்றி, விரும்பிய நேரத்தில் வீடு திரும்பிப் பழகியது. இப்போது அதற்குக் காது கேட்பதில்லை. போன மாதம் தெரு நடுவே படுத்திருந்தபோது, பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தும் திரும்பிப் பார்க்கவில்லை. காரை ஓட்டி வந்தவரே இறங்கித் தூக்கி ஓரமாக விட்டார். அன்று முதல் வெளியே விடுவதில்லை. இரவெல்லாம் கதவருகே உட்கார்ந்து கத்துகிறது. “இருக்கப்போவது கொஞ்ச நாள், அதன் இஷ்டப்படி விட்டுவிடு” என்கிறார் என் கணவர். “அடிபட்டுச் சாகட்டும் என்றா விடுவது?” என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி

பதில்: தெருவைப் பொறுத்தவரை உங்கள் மகள் சொல்வதுதான் சரி. காது கேட்காத பூனைக்கு வண்டி வருவது கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும். அதற்குப் பின் எழுந்து ஓட வயதான கால்களுக்கு நேரம் போதாது. தனியாகத் தெருவுக்கு அனுப்பும் காலம் முடிந்துவிட்டது. அதற்காகக் கதவை அடைத்தே வைத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் அந்தக் கத்தலைக் கவனியுங்கள். அது வெறும் ஏக்கமாக இல்லாமலும் இருக்கலாம். தைராய்டு மிகையாகச் சுரப்பது, இரத்த அழுத்தம், மூட்டு வலி, முதுமையில் வரும் மனக்குழப்பம் ஆகிய எல்லாமே வயதான பூனையை இரவில் கத்த வைக்கும். காது கேட்காத பூனை தன் குரலே தனக்குக் கேட்காததால் இன்னும் உரக்கக் கத்தும். இரத்த அழுத்தம் கூடினால் விழித்திரை விலகித் திடீரெனப் பார்வையே போய்விடக்கூடும் என்பதால், இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் மூன்றையும் இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் பரிசோதித்துவிடுங்கள். குறை எதுவும் இல்லையென்றால், அதன் பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை போதும். வலி என்று தெரிந்தாலும் மனிதர்களுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால்கூட உயிரைப் பறித்துவிடும்.

அடுத்து, வெளியே போய் அது என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் இருந்த பூனைக்கு 17 வயதில் காது போனபோது, நானும் பயந்து 4 மாதம் அடைத்தே வைத்திருந்தேன். அது கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்ததைப் பார்த்து மனம் கேட்காமல், ஒரு நாள் காலையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இறக்கிவிட்டதும் பத்தடி நடந்து, வெயில் விழுந்த இடத்தில் புரண்டு, ஒரு புல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, தானாகவே என் காலடிக்குத் திரும்பி வந்தது. அதற்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த 4 மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் பூனைக்கும் மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒன்று வாங்குங்கள். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டக் கூடாது. சில நாள் வீட்டுக்குள்ளேயே சில நிமிடங்கள் அணிவித்துப் பழக்கிவிட்டு, பகல் வெளிச்சத்தில், வண்டி வராத இடத்துக்குக் கூட்டிப் போங்கள். எந்தப் பக்கம் நடப்பது, எங்கே நிற்பது என்பதை அது முடிவு செய்யட்டும். நீங்கள் பின்னால் போனால் போதும். பின்புறமிருந்து திடீரெனத் தொடாதீர்கள். தரையை மெல்லத் தட்டினால் அந்த அதிர்வை அது உணர்ந்துகொள்ளும். பட்டையை ஏற்கவே மறுத்தால், வலை அடித்த பால்கனியோ ஜன்னலோரமோ உதவும். தாவாமல் ஏறிப் போக, அங்கே தாழ்வான படி போலச் சிறு மேசைகளை வையுங்கள்.

நகங்களையும் பாருங்கள். வயதான பூனை முன்போல் நகத்தைத் தீட்டுவதில்லை. அது வளைந்து வளர்ந்து பாதத்தின் மெத்தைக்குள்ளேயே குத்தி நின்றதை என் பூனையிடம் பார்த்திருக்கிறேன். நொண்டுவதை முதுமை என்றே நினைத்திருந்தேன்.

உங்கள் கணவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் 18, 20 வயது வரை வாழும் பூனைகள் உண்டு. பரிசோதனை முடியும் முன்பே ‘கொஞ்ச நாள்’ என்று முடிவு கட்ட வேண்டாம். காலையில் அரை மணி நேரம் பூனையோடு வெயிலில் உட்காரும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள்.