ஆசிரியருக்குக் கேட்கும் அபஸ்வரம் நமக்கு ஏன் கேட்பதில்லை?

கேள்வி: மூன்று வருடமாக வயலின் கற்கிறேன். ஞாயிறுதோறும் தக்கலையிலிருந்து பஸ் ஏறி வடசேரிக்குப் போய் வகுப்பு. வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன், சரியாகத்தான் கேட்கிறது. சார் முன்னால் உட்கார்ந்தால் மட்டும், "ரிஷபம் ஏறுது, காலம் ஓடுது" என்கிறார். அதாவது ரி என்ற சுரம் உயர்ந்துவிடுகிறதாம், வேகம் கூடிவிடுகிறதாம். எனக்கு அது தெரியவே இல்லை. வீட்டிலேயே பிழையைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் காதில் குறை ஒன்றும் இல்லை. வாசிக்கும்போது அடுத்த சுரம் எது, வில்லை எங்கே திருப்பவேண்டும் என்றே மனம் ஓடுகிறது. வரவேண்டிய சுரம் முன்கூட்டியே மனதில் ஒலித்துவிடுவதால், கையில் வந்த சுரத்தை யாரும் கேட்பதில்லை. அதனால் வாசிப்பதை ஒரு நாளும் கேட்பதை இன்னொரு நாளும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு அலங்காரம் எனும் ஆரம்பப் பயிற்சி வரிசை ஒன்றை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும் வாசித்து ஃபோனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்கவேண்டாம். மறுநாள் காலையில், வயலினைத் தொடாமல், நோட்டும் பென்சிலுமாக உட்காருங்கள். முதல் தடவை சுரத்தை மட்டும் கேட்டு, உறுத்துகிற இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அடுத்த தடவை நோட்டை மூடிவிட்டுத் தாளம் போடுங்கள். உங்கள் கை எங்கே அவசரப்பட வேண்டியிருக்கிறதோ, அங்கே காலம் ஓடுகிறது. பெரும்பாலும் அது நன்றாகப் பழகிய, சுலபமான இடமாகவே இருக்கும்.

சரி, ரிஷபத்துக்கு வருவோம். நம் ஆரம்பப் பாடங்கள் எல்லாம் மாயாமாளவகௌளை ராகம். அதில் வரும் ரி, சுத்த ரிஷபம், ஷட்ஜத்தை (ஸ) ஒட்டியே இருக்கும். அதில் வரும் க, அந்தர காந்தாரம், எட்டிப் போகும். முழு அளவு வயலினில் தந்தியின் நீளம் ஏறக்குறைய 32.5 செ.மீ. தந்தி தொடங்கும் மேல்கட்டையிலிருந்து ரிஷபம் 2 செ.மீ., காந்தாரம் 6.5 செ.மீ. அதாவது இரண்டுக்கும் நடுவே 4.5 செ.மீ. நடுவிரல் அவ்வளவு தூரம் எட்டும்போது ஆள்காட்டி விரலையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. ஆரோகணத்தில் ரிஷபம் ஏற்கெனவே ஒலித்து முடிந்ததால் தப்பித்துவிடும். க ரி ஸ என்று இறங்கும்போதுதான் மாட்டிக்கொள்வோம். விரல் அரை சென்டிமீட்டர் தள்ளி நின்றாலே போதும், ஒரு அரைச்சுரத்தில் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில்) கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். உங்கள் பதிவில் இறங்குவரிசையை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

திருத்துவதற்கு, காந்தாரம் வைக்கும்போது ஆள்காட்டி விரலை ரிஷபத்திலிருந்து எடுக்காதீர்கள். ரி க ரி, ரி க ரி என்று நீண்ட வில்லில், சுருதி கேட்டுக்கொண்டே வாசியுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் வாயால் பாடுங்கள், அப்புறம் விரல் வையுங்கள். தொடர்ந்து ஐந்து தடவை சுத்தமாக வந்தால் முன்னே ஒரு சுரம், பின்னே ஒரு சுரம் சேருங்கள். பிழை வந்தவுடன் பாடத்தின் தொடக்கத்துக்கு ஓடிப்போய் மறுபடி ஆரம்பிப்பதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு. சரியாக வாசிக்கும் இடமே பத்து தடவை பழகும். தப்பான இடம் அப்படியே இருக்கும். இன்னொன்று, பழைய வேகத்துக்குப் போனால் பழைய விரலும் திரும்பி வரும். சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, 66, 72 என்று மெதுவாக ஏற்றுங்கள்.

டியூனர் ஆப்பின் முள்ளை அளவுகோலாக எடுத்துக்கொள்ளவேண்டாம். அது கீபோர்டின் சமமான பங்கீட்டை, எல்லா அரைச்சுரத்துக்கும் ஒரே இடைவெளி வைப்பதைக் காட்டுகிறது. சுருதியோடு இழையும் அந்தர காந்தாரம் அதைவிடச் சற்றுக் கீழே நிற்கும். கோயில் பாடல் குழுவில் கீபோர்டோடு வாசிக்கும் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு இந்தக் குழப்பம் நிச்சயம் வரும். வயலினே ஒரு சோதனை தரும்: இரண்டாம் தந்தியில் சுண்டுவிரலால் பஞ்சமம் வாசித்தால், சுருதி சரியாக இருக்கும்போது, அதே பஞ்சமத்துக்குச் சேர்த்த, தொடாத முதல் தந்தி தானாக அதிரும். கண்ணாலேயே பார்க்கலாம்.

விரலைக் குறை சொல்லும் முன் தந்தியையும் பாருங்கள். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக்காற்றில் மரம் உப்பி, தந்தியை முறுக்கும் பிரடை இறுகும், வெயில் வந்தால் வழுக்கும். காலையில் சேர்த்த சுருதி மாலையில் இருக்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் நாலு தந்தியையும் மீட்டிப் பாருங்கள்.

சத்தத்தில் பிடிபடாத பிழைக்கு வீடியோ எடுங்கள். என் வில் விரல்பலகைப் பக்கம் சரிவதைப் பல வருடம் நான் அறியவில்லை. ஒரு கல்யாண வீடியோவைச் சத்தமில்லாமல் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு இணையாக வில் போகிறதா, வலது தோள் தூக்குகிறதா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள்.

வரும் ஞாயிறு வகுப்பில் பென்சில் கோடு போட்ட இடங்களைச் சாரிடம் காட்டுங்கள். அந்த க ரி ஸ-வை உங்கள் வயலினிலேயே ஒருமுறை வாசித்துக் காட்டக் கேட்டு, பதிவு செய்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை அவர் ரிஷபத்தையும் உங்கள் ரிஷபத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அவர் சொன்ன ஏற்றம் அப்போது உங்கள் காதிலும் விழும்.