ஒரு கட்டிங் பிளேயரும் டெஸ்டரும் போதுமா?

கேள்வி: ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பை முடித்துவிட்டு, மதுரையில் வீட்டு வயரிங் செய்யும் குழு ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். கட்டிங் பிளேயரும் டெஸ்டரும் இருந்தால் வேலை ஓடிவிடும் என்கிறார் மேஸ்திரி. காணொளிகளில் வரும் வெளிநாட்டு எலக்ட்ரீஷியன்களோ இடுப்பைச் சுற்றி இருபது கருவிகளை மாட்டியிருக்கிறார்கள். என்னிடம் 3,000 ரூபாய் இருக்கிறது. எவற்றை முதலில் வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் மேஸ்திரி சொல்வதில் முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்கு டெஸ்டரைப் பற்றியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு நாட்டு எலக்ட்ரீஷியன் எந்தக் கருவியை விரும்புகிறார் என்பது, அங்கே கம்பியை எப்படி இணைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க வீடுகளில் ஒற்றைக் கம்பியாக இருக்கும் தாமிர வயர்களை முறுக்கி, மேலே திருகு மூடி போடும் வழக்கம் உள்ளதால், அங்கே 9 அங்குல நீளமும் சதுர மூக்கும் கொண்ட கனமான பிளேயர் எல்லார் பையிலும் இருக்கும். ஜெர்மனியில் நெம்பிவிட்டுக் கம்பியைச் செருகும் கனெக்டர்கள் பரவலாக இருப்பதால், முறுக்குவதற்கென்று பெரிய பிளேயர் தேவைப்படுவதில்லை. வயரின் உறையை உரிக்கும் ஸ்டிரிப்பரும் கம்பியை வெட்டும் சைடு கட்டரும் அதிகம் பயன்படுகின்றன. நாமோ பல இழை வயரை ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கி டேப் சுற்றுகிறோம், சுவிட்ச் போர்டில் திருகின் கீழ் இறுக்குகிறோம். இந்த வேலைக்கு 8 அங்குல காம்பினேஷன் பிளேயர், அதாவது நம் பேச்சுவழக்கின் கட்டிங் பிளேயர், முற்றிலும் பொருத்தமானது.

பணத்தில் பெரும்பங்கை அதற்கே செலவிடுங்கள். கடையில் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெட்டும் பகுதியில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. பிறகு ஒரே ஒரு தாமிர இழையை வைத்து வெட்டுங்கள். நசுங்கித் தொங்காமல் சுத்தமாக அறுபட்டால் கூர் சரியாக இருக்கிறது. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருப்பதாலேயே அது மின்காப்புள்ள கருவி ஆகிவிடாது. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் ஐ.இ.சி. 60900 என்ற தர எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் தரத்தின்படி செய்யப்படும் ஒவ்வொரு கருவியும் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்பட்ட பிறகே வெளியே வருகிறது. அதை நம்பி மின்சாரம் ஓடும் கம்பியில் வேலை செய்யலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; கை தவறும் ஒரு கணத்துக்கான காப்பு அது.

அடுத்து ஸ்டிரிப்பர். பிளேயரின் வாயிலோ பிளேடிலோ, ஏன், பல்லிலோ கூட உறையை உரிப்பது நம் ஊரில் திறமையாகக் கருதப்படுகிறது. எனக்கும் அந்தப் பெருமை இருந்தது. ஒரு வீட்டில் ஏசி இணைப்பு அடிக்கடி சூடாகிறது என்று அழைத்தார்கள். நானே போட்ட இணைப்புதான். பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது, திருகின் அருகே உறை பழுப்பேறி உருகியிருந்தது, உரித்த இடத்தில் ஆறு இழைகள் அறுந்து நின்றன. 2.5 சதுர மி.மீ. வயரில் பொதுவாக 0.3 மி.மீ. தடிமனுள்ள 36 இழைகள் இருக்கும். ஆறு போனால் அந்த இடத்தில் ஆறில் ஒரு பங்கு தாமிரம் இல்லை. விலை குறைந்த ஸ்டிரிப்பராக இருந்தாலும், வயரின் அளவுக்கு ஏற்பத் திருகைச் சரிசெய்து, ஒரு துண்டு வயரில் உரித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தினால் இந்தத் தவறு நேராது.

ஸ்குரூ டிரைவரில் ஒரு நுணுக்கம் மட்டும். அளவு மீறி மின்சாரம் ஓடினால் தானாக அணையும் சுவிட்சுகளான எம்.சி.பி.க்கள் பலவற்றின் திருகுகள் ஸ்டார் போலத் தெரிந்தாலும், அவை பட்டைக் காடியும் போஸிடிரைவ் என்ற வேறு வகை ஸ்டாரும் கலந்தவை. சாதாரண ஸ்டார் முனை அதில் முழுமையாக உட்காராமல் வழுக்கி, திருகின் தலையைத் தேய்த்துவிடும். எனவே இரண்டாம் எண் போஸிடிரைவ் ஒன்றும், காடியில் சரியாகப் பொருந்தும் பட்டை முனை ஒன்றும் வாங்குங்கள். சுத்தியல், உளி, ஹாக்ஸா போன்றவை குழுவிலேயே இருக்கும். இப்போதைக்கு அவற்றுக்குச் செலவிட வேண்டாம்.

இனி டெஸ்டர். அதிலுள்ள நியான் விளக்கு, உயர்ந்த மின்தடையின் வழியாகவும் உங்கள் உடலின் வழியாகவும் தரைக்குச் செல்லும் மிகச் சிறிய மின்னோட்டத்தால் எரிகிறது. ரப்பர் செருப்புடன் காய்ந்த மர ஏணியில் நின்றால் அது மங்கலாகவே எரியக்கூடும், வெயிலில் கண்ணுக்கே தெரியாது; மின்சாரம் இல்லை என்று கை வைத்துவிடுவீர்கள். வேறெங்கோ மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால், ஆன் செய்யப்பட்டிருக்கும் ஒரு பல்பின் வழியாக ஃபேஸ் கம்பியின் மின்சாரம் வந்து, நியூட்ரலிலும் டெஸ்டர் எரியும். ஆகவே மின்சாரம் இருக்கிறது என்பதற்கு வேண்டுமானால் டெஸ்டரை நம்பலாம். இல்லை என்பதற்கு நம்பக் கூடாது. அதற்கு வோல்ட்டை அளந்து எண்ணில் காட்டும் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் முதலில் அளந்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் அளந்து, மீண்டும் பழைய இடத்தில் அளந்து மீட்டர் பழுதாகவில்லை என்று உறுதி செய்த பிறகே கை வையுங்கள். பக்கத்தில் ஓடும் வயரின் தூண்டலால் மீட்டர் சில பத்து வோல்ட்டுகளைக் காட்டிக் குழப்பினால், ஹோல்டரில் பழைய குண்டு பல்பு (எல்.இ.டி. அல்ல) மாட்டிய டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பாருங்கள். வெறும் தூண்டலில் குண்டு பல்பு எரியாது.

வாங்கிய கருவிகளின் கைப்பிடியில் உங்களுக்கென்று ஒரு நிறத்தில் பெயின்ட் அடையாளம் வையுங்கள்; ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் பிளேயர்கள் கை மாறிவிடும். உறை கிழிந்த பிளேயரை டேப் சுற்றிச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள்; டேப் சுற்றினால் அந்த 1000 வோல்ட் காப்பு திரும்பி வராது.